கடற்கரை வாழ்வும் கார்ப் பராமரிப்பும்

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பது தமிழர் பழமொழி. மன்னார்த் தீவில் வாழ்பவருக்கோ உப்பை நினைவூட்ட எவரும் தேவையில்லை. வடக்கே பாக்கு நீரிணை; தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டிற்கும் இடையே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தில், உப்பானது காற்றிலும் மணலிலும் பல கிணறுகளின் நீரிலும் கலந்து நிற்கின்றது. மீனுக்கும் கருவாட்டுக்கும் உப்பளத் தொழிலுக்கும் வாழ்வளிக்கும் இந்த உப்பை, வாகனம் வைத்திருப்பவர் மட்டும் நன்றியோடன்றிச் சற்று அச்சத்தோடும் நினைக்க வேண்டியவராக உள்ளார்.

ஒரு காலத்தில் இத்தீவின் பெரும் போக்குவரத்து புகையிரதமும் கப்பலுமாகவே இருந்தது. 1914-ஆம் ஆண்டிலே தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே தொடங்கிய கப்பல் சேவையை ஒட்டியே தீவின் வாழ்வும் நடைபெற்றது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் போர் வந்தது. தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் 1990-ஆம் ஆண்டில் தகர்க்கப்பட்டது. யப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட புதிய பாலம் 2010-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் திறக்கப்பட்ட பின்னரே, தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே வாகனங்கள் தடையின்றி ஓடலாயின. இன்று பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் தாழ்வுபாட்டிலும் காரோ, வானோ, முச்சக்கர வண்டியோ வீட்டு வாசலில் நிற்பது புதுமையன்று. நள்ளிரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதும், மடு மாதா கோயிலுக்கும் திருக்கேதீஸ்வரத்துக்கும் குடும்பத்தைக் கூட்டிச் செல்வதும் அவ்வாகனமே. அயல் வீட்டாரும் ஆபத்து வேளையில் அதனையே நாடுவர்.

இத்தகைய வாகனத்தை அழிக்கும் பகைவன் பெரும்பாலும் ஓசையிட்டு வருவதில்லை. அவன் அடியிலிருந்து, மெல்ல மெல்ல, எவர் கண்ணிலும் படாமல் வருகின்றான். அவன் பெயர் துரு.

இரும்பு துருப்பிடிப்பதற்கு நீரும் பிராணவாயுவும் வேண்டும் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. உப்பு அங்கே என்ன செய்கின்றது? தூய நீர் மின்னோட்டத்தை எளிதில் கடத்துவதில்லை. உப்பு நீர் நன்றாகக் கடத்தும். துருப்பிடித்தல் என்பது இரும்பின் மேற்பரப்பிலே நடைபெறும் ஒரு சிறு மின்னிரசாயன வேலையாதலால், உப்பு அவ்வேலையைப் பன்மடங்கு விரைவாக்குகின்றது. கடல் நீரில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. அலைகளிலிருந்து எழும் நுண்ணிய திவலைகளைக் காற்று உட்பக்கமாகக் கொண்டு செல்லும்போது, அவ்வுப்பு வாகனத்தின் மேலும் கீழும் படிகின்றது. இன்னும் ஒன்று: உப்புக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. காற்றின் சாரீரப்பதன் நூற்றுக்கு எழுபத்தைந்து அளவை எட்டும்போது உப்புத்தூள் தானே கசிந்து நீராகின்றது. கடற்கரை இரவுகளில் அந்த அளவு ஈரப்பதன் அரிதன்று. ஆகவே ஒரு துளி மழையும் பெய்யாத மாதங்களிற்கூட, இரவு முழுவதும் வாகனத்தின் அடிப்பகுதி உப்பு நீரில் நனைந்து கிடக்கலாம். மன்னார் வரண்ட பிரதேசமாயிற்றே, இங்கே இரும்பு ஏன் இவ்வளவு விரைவில் உக்குகின்றது என்று வியப்பவருக்கு இதுவே விடை.

தீவின் காற்றோ சாதாரணமானதன்று. வைகாசி முதல் புரட்டாதிவரை வீசும் சோளகத்தின் வலிமையை நம்பியே, தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள் கொண்ட தம்பபவனி மின்னிலையம் 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடக்கி வைக்கப்பட்டது. மின்சாரம் தரும் அதே காற்றுத்தான் உப்பையும் மணலையும் சுமந்து வந்து வாசலில் நிற்கும் காரின் மேல் இறைக்கின்றது.

இதற்கு மாற்று வழியைத் தேடி எங்கும் செல்ல வேண்டியதில்லை. கடற்றொழிலாளரிடம் அது பழைய பாடம். கவனமுள்ள தொழிலாளி கரை திரும்பியதும் வெளியிணைப்பு இயந்திரத்தைக் கழற்றித் தோளிற் சுமந்து வந்து, நன்னீர் விட்டுக் கழுவி, எண்ணெய் துடைத்து வைத்த பின்னரே ஓய்ந்து இருப்பார். கடல் நீர் ஓர் இரவு உள்ளே தங்கினாலும் என்ன நேரும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அதே மனிதர், கடற்கரை மணல்வரை கொண்டுசென்று மீன் ஏற்றிய வானை மாதக்கணக்கிற் கழுவாமல் விட்டுவிடுவதும் உண்டு. மீன்பெட்டியிலிருந்து வடியும் பனிக்கட்டி நீரும் உப்பு நீர்தான் என்பதை அவர் எண்ணுவதில்லை. படகின் இயந்திரத்துக்குக் காட்டும் பரிவை வாகனத்துக்கும் காட்டினாற் போதும். பாதி வேலை முடிந்தது.

கழுவுதலிலும் முறை உண்டு. மேலே பளபளக்கத் துடைத்துவிட்டுக் கீழே பாராதிருப்பது, முகத்துக்கு மட்டும் பூச்சுப் பூசியதை ஒக்கும். சில்லுகளின் உட்புறம், சில்லு வளைவுகள், அடித்தளம், கதவுகளின் கீழ்விளிம்பு ஆகியவற்றையே முதலிற் கழுவ வேண்டும். கதவின் அடியிலுள்ள சிறு துவாரங்கள் உள்ளே புகும் நீர் வெளியேறுவதற்கென வைக்கப்பட்டவை. மணல் அடைத்திருந்தால் ஓர் ஈர்க்கினால் நீக்கிவிடலாம். கழுவும் நீர் நன்னீராதல் வேண்டும். உவர்க் கிணற்று நீரால் கழுவுவது உப்பை உப்பால் துடைப்பதாகும். நன்னீர் அருமையான இடங்களில், ஒரு வாளி நீரை மேற்பகுதிக்குச் செலவிடாமல் அடிப்பகுதிக்கே செலவிடுவது அறிவுடைமை. வாகனத்தை ஈரத்தோடு இறுக்கமான படங்கினால் மூடிவைப்பதும் தவறு. காற்றோட்டமுள்ள கொட்டிலே நல்லது. துருத்தடுப்புப் பூச்சுப் பூச விரும்புவோர், முன்னர் உள்ள துருவை முற்றாகச் சுரண்டி நீக்கிய பின்னரே பூச வேண்டும். துருவின் மேற் பூசப்பட்ட பூச்சு, ஈரத்தை உள்ளே அடைத்துவைத்து நோயை மறைக்கின்றதேயன்றித் தீர்ப்பதில்லை.

துருவினாற் காரின் அழகு கெடும், விலை குறையும் என்பது சிறு நட்டம். பெரிய நட்டம் வேறு. காரின் அடியில், பிறேக் எண்ணெயைச் சில்லுகளுக்குக் கொண்டு செல்லும் மெல்லிய உருக்குக் குழாய்கள் ஓடுகின்றன. உப்பு அக்குழாய்களையும் விட்டுவைப்பதில்லை. மேலே புதுக்கருக்கு மாறாத காரின் கீழே, விரலால் அழுத்தினால் ஒடிந்துபோகும் நிலையில் ஒரு குழாய் இருக்கலாம். அது எந்த நாளில் வெடிக்கும்? சாதாரணமாக மெல்ல மிதிக்கும்போது அன்று, குறுக்கே ஒரு குழந்தை ஓடி, சாரதி தன் முழுப் பலத்தோடும் மிதிக்கும்போதுதான் குழாயின் மேல் அழுத்தம் மிகும், அப்போதே வெடிக்கும். இக்காலக் கார்களிற் பிறேக் தொகுதி இரண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்று ஓரளவு வேலை செய்யும். ஆனால் வாகனம் நிற்கும் தூரம் மிகவும் நீண்டுவிடும்.

இங்கே வாகன உடைமையாளர் பலர் கொண்டுள்ள ஒரு தவறான நம்பிக்கையைத் தெளிவாக்குதல் வேண்டும். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படுகின்றது. அதற்குக் காப்புறுதிச் சான்றும், 2008-ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள புகைப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். அவை கையில் இருக்கும்போது, வாகனம் பாதுகாப்பானது என்று அரசாங்கமே உறுதிசெய்துவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். உண்மை அதுவன்று. அப்பரிசோதனை புகையை அளக்கின்றது; பிறேக்கை அளப்பதில்லை. பஸ்களுக்கும் லொறிகளுக்கும் தகுதிச் சான்று வேண்டுமெனினும், தனியார் காரின் அடியிலே குனிந்து பார்க்கும்படி ஆண்டுதோறும் எந்த அதிகாரியும் அனுப்பப்படுவதில்லை. அங்கே பார்க்க வேண்டியவர் உடைமையாளர் ஒருவரே. அவரும் பாராவிட்டால், பார்ப்பவர் எவருமில்லை.

பழைய வாகனங்கள் பெருகியுள்ள இக்காலத்தில் இதன் அவசியம் மேலும் மிகுகின்றது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025-ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஐந்தாண்டுக் காலம் புதிய கார்கள் வாராமையால், இருந்தவற்றையே திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டியதாயிற்று. பழையதை வாங்குவோரும் அதிக விலை கொடுத்தே வாங்கினர். அவ்வாறு வாங்குவோர் நிறத்தையும் இருக்கைத் துணியையும் பார்ப்பதற்கு முன், தரை விரிப்பைத் தூக்கிப் பார்ப்பதும், வாகனத்தை உயர்த்தி அடிச்சட்டத்தையும் பிறேக் குழாய்களையும் தேர்ந்த திருத்துநர் ஒருவருக்குக் காட்டுவதும் இன்றியமையாதவை.

பிறேக்கைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. புறப்படுமுன் இயந்திரத்தை இயக்கி, பிறேக் மிதியை உறுதியாக மிதித்து, இருபது எண்ணும்வரை காலை எடுக்காதிருத்தல் வேண்டும். மிதி கல்லைப் போல நின்றால் நன்று. காலின் கீழே மெல்ல மெல்லத் தாழ்ந்து சென்றால், எங்கோ கசிவு உண்டு. அன்று பயணம் கூடாது. பிறேக் எண்ணெய்க் கலத்தில் மேலும் கீழும் இரண்டு கோடுகள் உள்ளன. எண்ணெய் அவற்றின் இடையே நிற்க வேண்டும். அளவு குறைந்தால் மேலும் ஊற்றிவிட்டு மறந்துவிடுதல் ஆகாது. பிறேக் கட்டைகள் தேய்ந்திருக்கலாம், அல்லது கசிவு இருக்கலாம், இரண்டும் ஆராயத்தக்கவை. அவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஈரம் மிகுந்தால், வெப்பமேறும்போது அது கொதித்து ஆவியாகி, மிதி பஞ்சுபோல் ஆகிவிடும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றுவது நல்லது.

அடுத்து, டயர். வாகனத்துக்கும் வீதிக்கும் இடையே உள்ள தொடர்பு நான்கு உள்ளங்கை அளவான இறப்பர் மட்டுமே. காற்றழுத்தத்தின் அளவு டயரின் மேல் எழுதப்பட்டதன்று. சாரதியின் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்ட சிறு தாளிற் காண்பதே சரியான அளவு. அதனைக் காலையில், வாகனம் ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். மணலிற் புதையாமல் ஓட்டுவதற்காகக் காற்றைக் குறைப்பவர், தார் வீதிக்கு ஏறுமுன் அதனை நிரப்பிவிட வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வெயிலிலே விரைந்து ஓடும்போது பக்கங்கள் வளைந்து வளைந்து சூடேறி வெடிக்கும். பட்டையின் ஆழம் 1.6 மில்லிமீற்றராகக் குறைந்தால் டயரின் ஆயுள் முடிந்தது. பள்ளங்களின் அடியிலுள்ள சிறு மேடுகள் தேய்ந்த பரப்போடு சமமாகி அதனைக் காட்டிக்கொடுக்கும்.

தேயாத டயரும் முதுமை அடையும் என்பதைப் பலர் அறியார். பக்கச் சுவரில் நீள்வட்டத்துள் நான்கு இலக்கங்கள் காணப்படும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் அது செய்யப்பட்டது. ஆறு ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் வெடிப்புகள் உண்டோ எனப் பார்க்க வேண்டும். பத்து ஆண்டு கடந்ததை, மேலதிகச் சில்லாகப் புதிதுபோல் இருந்தாலும், நீக்கிவிட வேண்டும்.

சில்லு மாற்றும் வேளையில் மன்னார் மணல் ஓர் ஆபத்தை வைத்திருக்கின்றது. வாகனத்தை உயர்த்தும் ஜக்கை மணலில் நேரே வைத்தால், பாரம் ஏறியதும் அது புதைந்து சாய்ந்துவிடும். தடித்த பனம்பலகைத் துண்டு ஒன்றை எப்போதும் வாகனத்திலே வைத்திருந்து, அதன்மேல் ஜக்கை நிறுத்துவது நல்லது. மற்றச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் அணைக்க வேண்டும். சுரைகளை வாகனம் நிலத்தில் நிற்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டுப் பின்னர் உயர்த்த வேண்டும். ஜக் ஒன்றையே நம்பி வாகனத்தின் கீழே உடலை நுழைப்பது, எக்காரணம் கொண்டும் கூடாது.

இயந்திரத்தின் தேவைகள் சிலவே. சமதரையில், இயந்திரம் ஓய்ந்திருக்கும்போது எண்ணெய்க் கோலை எடுத்துத் துடைத்து, மீண்டும் விட்டெடுத்து அளவு பார்க்க வேண்டும். றேடியேற்றருக்கும் பற்றறிக்கும் கிணற்று நீர் ஆகாது; உவர் நீர் உட்புறத்தே படிந்து அரிக்கும். முன்னையதற்கு உரிய குளிராக்கும் திரவமும், பின்னையதற்குக் காய்ச்சி வடித்த நீருமே தகும். சூடாயிருக்கும் றேடியேற்றரின் மூடியைத் திறந்து, கொதிநீர் பீறிட்டு முகம் வெந்தவர் பலர். ஆறும்வரை காத்திருத்தல் வேண்டும். பற்றறி முனைகளிற் பூக்கும் வெண்மையான பொடியை அப்பச்சோடா கரைத்த நீரால் நீக்கி, உலர்ந்தபின் வசலின் தடவலாம். அதனருகே தீக்குச்சி கிழித்தல் ஆகாது; அங்கே எழும் ஐதரசன் வாயு எரியக்கூடியது. கலப்பு இயந்திரக் கார் வைத்திருப்போர், செம்மஞ்சள் நிறக் கம்பிகளைத் தொடவே கூடாது. அவற்றில் உயிரைப் போக்கும் மின்னழுத்தம் உண்டு. அக்காரின் பின்னிருக்கை அருகே காற்றுப் புகும் துவாரம் மணலால் அடைபடாமல் பார்ப்பது மட்டுமே உடைமையாளர் வேலை. மற்றையவை பயிற்சி பெற்ற திருத்துநருக்கு உரியன.

மழைக்கு முன் கண்ணாடித் துடைப்பானை மாற்றிவிட வேண்டும். எட்டு மாத வெயிலில் இறுகிய இறப்பர், ஐப்பசியின் முதல் மழையிலே கண்ணாடியைத் துடைப்பதற்குப் பதிலாகக் கலக்கிவிடும். அம்முதல் மழை வீதியிற் படிந்த எண்ணெயையும் தூசியையும் குழைத்து வழுக்கலாக்குவதால், பார்வையும் பிடிப்பும் ஒரே நாளிற் குறைகின்றன.

வாகனம் நன்றாயிருந்தாலும், ஓட்டும் முறை நன்றாயிராவிட்டாற் பயனில்லை. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் ஒரு வினாடிக்கு 14 மீற்றர் ஓடுகின்றது. ஆபத்தைக் கண்டு கால் பிறேக்கை அடைவதற்கு ஒரு வினாடி ஆகும். பின்னர் நிற்பதற்கு, உலர்ந்த வீதியில் நல்ல டயரோடு, மேலும் 14 மீற்றர் வேண்டும். மொத்தம் 28 மீற்றர். வேகம் 70 ஆனால் இத்தூரம் ஏறக்குறைய 47 மீற்றராகின்றது. தாழ்த்திய முன்விளக்கு இருளில் தெளிவாகக் காட்டும் தூரமோ நாற்பது, ஐம்பது மீற்றர் அளவே. வெயிலும் மணலும் பட்டு விளக்குக் கண்ணாடி மஞ்சளித்திருந்தால் அதுவும் இல்லை. மன்னாரின் கழுதைகளை அறியாதவர் இல்லை. அவையும் மாடுகளும் இரவிலே வீதியிற் படுத்துக் கிடக்கும். சாம்பல் நிறக் கழுதை தார் வீதியின் நிறத்தோடு கலந்துவிடும்; எழுந்து ஒதுங்கும் வழக்கமும் அதற்கு இல்லை. 47 மீற்றரில் நிற்கக்கூடிய வாகனத்தின் முன்னே 40 மீற்றரிற் கழுதை தோன்றினால் என்ன ஆகும் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். இரவில் வேகத்தைக் குறைப்பது கோழைத்தனமன்று. விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிற்கக்கூடியவாறு ஓட்டுவதே அளவு.

பாலத்தை அணுகும் தாம்போதியிலும் காற்றை மதித்தல் வேண்டும். இருபுறமும் நீர், மறைப்பு ஏதுமில்லை. சோளகக் காலத்தில் உயரமான வானும், கூரையிற் சுமை ஏற்றிய வாகனமும், முச்சக்கர வண்டியும் பக்கக் காற்றினால் தள்ளப்படும். லொறி ஒன்றைக் கடக்கும் கணத்திற் காற்று சட்டென நின்று, கடந்ததும் சட்டென அறையும். இரு கைகளாலும் சுக்கானைப் பற்றி, வேகத்தைத் தணித்து ஓட்டுபவருக்கு அது ஆபத்தாவதில்லை.

முன்னிருக்கையிலுள்ளோர் ஆசனப்பட்டி அணிவது 2011-ஆம் ஆண்டு முதற் சட்டமாகியுள்ளது. பின்னிருக்கையில் இருப்பவர் உடல் சட்டத்தை அறியாது. வாகனம் நின்றாலும் அது முன் சென்ற வேகத்திலேயே செல்லும். தாயின் மடியிலுள்ள குழந்தையை, மோதும் கணத்தில் எந்தத் தாயின் கையும் தாங்கிக்கொள்ள இயலாது. ஆகவே பட்டி உள்ள எல்லா இடத்திலும் அணிவதும், குழந்தையைப் பின்னிருக்கையில் அதற்குரிய ஆசனத்தில் அமர்த்துவதும் அன்பின் கடமை. எவ்வளவு காத்தும் விபத்து நேருமாயின், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய நோயாளர் காவு வண்டி வரும். 119 பொலிஸ் அவசர இலக்கம். இவ்விரண்டையும் வீட்டிலுள்ள சிறுவரும் மனப்பாடம் செய்திருத்தல் நன்று.

இவற்றையெல்லாம் ஒருங்கே நினைத்தாற் பெருஞ்சுமையாகத் தோன்றலாம். பங்கிட்டால் எளிது. நாள்தோறும் புறப்படுமுன் வாகனத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து, டயரையும் விளக்கையும், கீழே நிலத்தில் ஏதேனும் சிந்தியிருக்கின்றதா என்பதையும் பார்த்து, பிறேக்கை மிதித்துப் பார்ப்பது. வாரம் ஒருமுறை டயர்க் காற்று, இயந்திர எண்ணெய், குளிராக்கும் திரவம், பிறேக் எண்ணெய் ஆகியவற்றின் அளவு, அடிப்பகுதிக்கு நன்னீர். மாதம் ஒருமுறை பற்றறி முனைகளும் கைப்பிறேக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சோளகம் எழுமுன்னும் மாரி தொடங்குமுன்னும், வாகனத்தை உயர்த்தி அடிப்பகுதி முழுவதையும் திருத்துநரோடு தாமும் குனிந்து பார்ப்பது. திருத்துநரிடம் ஒப்படைத்துவிட்டு வீடு செல்வதிலும், அருகே நின்று பார்த்துக் கேட்டறிவது மேல்.

கடலுக்குச் செல்பவர் படகின் அடிப்பலகையைப் பாராமல் அதனை நீரில் இறக்குவதில்லை. பலகையிற் சிறு துவாரம் இருந்தாலும் அது நடுக்கடலிலேதான் தன்னைக் காட்டும் என்பதை அவர் அறிவார். வீதியிற் செல்பவர்க்கும் அதே விதியே. கரையிலே குனிந்து பார்க்கும் ஐந்து நிமிடம், நடுவழியில் எவ்வளவு விலை கொடுத்தாலும் கிடைப்பதன்று.